பழந்தாள்கள் எல்லாம் பாழ்த்தாள்கள் அல்ல

ஓர் அமைப்பு தன் கட்டடத்தைப் புதுப்பிக்க முனையும்போது முதலில் இடிபடுவது சுவர் அன்று, ஏடுதான். வண்ணம் பூசுவோர் வருமுன்னர் அலமாரிகள் திறக்கப்படுகின்றன. செல்லரித்த கணக்கேடுகள், துருவேறிய குண்டூசி குத்திய கடிதக் கட்டுகள், பெயர் எழுதப்படாத நிழற்படங்கள், பிள்ளைகளின் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவை வெளியே கொட்டப்படுகின்றன. செயற்குழுவினர் சிலர் ஒரு பிற்பகல் அமர்ந்து ‘வேண்டியவை’, ‘வேண்டாதவை’ என இரு குவியல்களாகப் பிரிக்கின்றனர். வேண்டியவை ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. வேண்டாதவை பழைய தாள் வாங்குவோரின் வண்டியில் ஏறுகின்றன. அடுத்த ஆண்டு வெளிவரும் விழா மலரில், ‘எங்கள் நெடிய வரலாறு’ என்று நான்கு பக்கங்கள் அச்சாகின்றன. நூறு ஆண்டுகள் நான்கு பக்கங்களாகச் சுருங்கியதை எண்ணி எவரும் நாணுவதில்லை.

சமயம் சார்ந்த மாதர் அமைப்புகளின் ஏடுகளுக்கு இக்கேடு இருமடங்காக நேர்கிறது. தலைமை அமைப்பின் கூட்டக் குறிப்பேடுகள் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்படுகின்றன. மாதர் பிரிவின் குறிப்பேடோ, ‘தேநீர்க் கணக்கு’ என்ற இளக்காரச் சொல்லால் ஒதுக்கப்படுகிறது. ஆடவர் கூடி நிலம் வாங்கியது வரலாறாம். பெண்டிர் கூடிக் காசு திரட்டிப் பள்ளி நடத்தியது வீட்டுச் செய்தியாம்! இந்தப் பாகுபாட்டை எந்தச் சட்டமும் வகுக்கவில்லை. தாள்களைப் பிரிக்க அமர்ந்தவர்களின் கைகளே வகுத்தன.

ஆகவே, பழைய ஏடுகளைப் பிரித்து அடுக்குவது துப்புரவு வேலை என்னும் எண்ணம் முதலில் ஒழிய வேண்டும். அது தீர்ப்பு வழங்கும் வேலை. எவர் வாழ்ந்தார், எவர் உழைத்தார், எவர் பெயர் நிலைக்கும், எவர் பெயர் மறையும் என்பவற்றை அந்தக் கைகளே முடிவு செய்கின்றன. மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு அது. எரிந்த தாளை எந்த வழக்குமன்றமும் மீட்டுத் தர இயலாது.

1887: மூன்று நிகழ்ச்சிகள்

தமிழ் பயிற்றுவோர்க்கு 1887ஆம் ஆண்டு நன்கு தெரிந்த ஆண்டு. உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது அவ்வாண்டில்தான். அதே ஆண்டு சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்களை ஆசிரியராகக் கொண்டு ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ்க் கிழமை இதழ் தோன்றியது. இவ்விரண்டையும் மாணவர் படிக்கின்றனர், தேர்விலும் எழுதுகின்றனர்.

மூன்றாவது நிகழ்ச்சியை எத்தனை பேர் அறிவர்? அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், சிங்கப்பூர் ஷார்ட் தெருவில் இருந்த ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமியரோடு ஒரு பள்ளி தொடங்கியது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அது வழங்கப்பட்டது. தொடங்கியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த சோபியா பிளாக்மோர். அவரை அனுப்பியது அமெரிக்க மெதடிஸ்டுச் சபையைச் சார்ந்த பெண்டிர் அயல்நாட்டுச் சமயப்பணிச் சங்கம். தம் பெண்மக்கள் எழுத்தறிய வேண்டும் என்று விரும்பிய தமிழ் வணிகர்கள் அம்முயற்சிக்குத் துணை நின்றனர். அந்தச் சிறுபள்ளியே பின்னர் எல்லா இனத்துச் சிறுமியரும் பயிலும் மெதடிஸ்டுப் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. 1992இல் அது குடிபுகுந்த சாலைக்கு இன்று பிளாக்மோர் அம்மையாரின் பெயரே வழங்குகிறது.

அம்மையாரின் பெயர் சாலைக்கு நிலைத்தது; நன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்க்கு அது தகும். ஆனால், அந்த ஒன்பது சிறுமியர் யாவர்? பரவலாகச் சொல்லப்படும் வரலாறு அவர்களை ஓர் எண்ணாக மட்டுமே சுமந்து வருகிறது. ‘ஒன்பது தமிழ்ச் சிறுமியர்’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. சிந்தாமணியைப் பதிப்பித்தவர்க்குப் பெயர் உண்டு. இதழை நடத்தியவர்க்குப் பெயர் உண்டு. கடல் கடந்து வந்த ஆசிரியைக்கும் பெயர் உண்டு. கற்க வந்த தமிழ்ப் பெண்ணுக்கு மட்டும் எண்தானா?

அப்பெயர்கள் எழுதப்படக்கூடிய இடங்கள் சிலவே. சேர்க்கைப் பதிவேடு ஒன்று. ஆசிரியை தம் சங்கத்துக்கு எழுதிய கடிதம் மற்றொன்று. ஆண்டறிக்கை, காசேடு, நிழற்படத்தின் பின்புறம் ஆகியவை பிற. இவை அனைத்தும் ஒரு சமய மாதர் அமைப்பின் பழந்தாள்களே. இவற்றையே ‘வேண்டாதவை’ என்னும் குவியலில் எறிவது வழக்கமாக இருக்கிறது.

காசேடு கூறும் உண்மை

கணக்கேடுகளைக் கழிப்போர் சொல்லும் காரணம் எளியது: ‘வரவு செலவு முடிந்துபோன செய்தி, இனி எதற்கு?’ இக்கூற்று எவ்வளவு அறியாமை உடையது என்பதை அச்சங்கத்தின் தோற்றமே காட்டும்.

அச்சங்கம் 1869ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாஸ்டன் நகரில் ஒரு சில பெண்களால் தொடங்கப்பட்டது. ‘நீங்கள் பணம் திரட்டுங்கள், எங்களிடம் கொடுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற போக்கிலேயே ஆடவர் சங்கத்துச் செயலாளர்கள் பேசினர். பெண்கள் இணங்கவில்லை. தாம் திரட்டும் காசைத் தாமே ஆள்வோம் என்று நின்றனர். கிழமைக்கு இரண்டு காசும் ஒரு வேண்டுதலும் என்பதே அவர்கள் விதித்துக்கொண்ட சந்தா. அந்த இரண்டு காசுகள் சேர்ந்தே அவ்வாண்டு இசபெல்லா தோபர்ன் என்னும் ஆசிரியையையும் கிளாரா சுவெய்ன் என்னும் மருத்துவரையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றின. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், மினியாபொலிஸ் கிளையின் தலைவி மேரி நைண்டு முன்னின்று பொறுப்பேற்றதால் சிங்கப்பூர்ப் பணியும் தொடங்கிற்று.

இனி எண்ணிப் பார்க்கட்டும். பெண்கள் தம் காசைத் தாமே ஆண்டனர் என்பதற்குச் சான்று எது? மேடைப் பேச்சா? விழா மலரா? காசேடு அன்றோ! எந்த ஊர்ப் பெண் எத்தனை காசு தந்தாள், அது எந்தப் பள்ளியின் எந்தப் பலகைக்குச் செலவாயிற்று, எந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு எவ்வளவு ஊதியம் தரப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் உள்ளன. வெளிநாட்டு ஆசிரியைக்கும் உள்ளூர்த் துணையாசிரியைக்கும் இடையே இருந்த ஊதிய வேற்றுமையை எந்த விழா மலரும் அச்சிடாது. காசேடு அதனை மறைக்காது. காசேட்டைக் கழிப்பவர், உழைத்த எளிய பெண்ணின் ஒரே சாட்சியைக் கழிக்கிறார்.

மறைந்த பெயர்கள்

பெயர்கள் எவ்வாறு மறைகின்றன என்பதற்கு யாழ்ப்பாணம் தெளிவான எடுத்துக்காட்டு. மலாயாவுக்கு வந்து எழுத்தராகவும் ஆசிரியராகவும் பணியாற்றிய குடும்பங்கள் பலவற்றின் வேர் அங்குள்ளது. ஆதலால் இவ்வெடுத்துக்காட்டு இந்நாட்டு மாணவர்க்கு அயலானது அன்று.

வின்சுலோ என்றவுடன் தமிழாசிரியர் நினைவுக்கு வருவது 1862இல் சென்னையில் வெளிவந்த பேரகராதி. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூல் மைரன் வின்சுலோவின் பெயரை நிலைநிறுத்தியது. அவருடைய துணைவியார் ஹேரியட் வின்சுலோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப்பள்ளியைத் தொடங்கியவர், 1833இல் மறைந்தவர். அகராதியைப் புரட்டுவோருள் அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலர். அச்சிலரும் அறிந்திருப்பதற்குக் காரணம், அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கணவர் கழிக்காமல் தொகுத்து 1835இல் நூலாக வெளியிட்டதே ஆகும். ஒருவர் தாளைக் காத்தார். ஒருவர் பெயர் நின்றது.

அவரிடம் பயின்ற சிறுமியரின் நிலை என்ன? யாழ்ப்பாணத்து அமெரிக்கப் பள்ளிகளில், பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க அன்பரின் பெயரையே அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களின் முற்பகுதி அவ்வழக்கத்தின் தடம். சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதினார். நூலாசிரியர் ஆனதால் அவர் தமிழ்ப்பெயர் பிழைத்தது. நூல் எழுதும் வாய்ப்பைப் பெறாத சிறுமிக்கு அந்த வழி இல்லை. பதிவேட்டில் அவள் ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயரால் நிற்கிறாள். அவள் எந்த ஊர், எவர் மகள், தாய் அவளை எப்பெயரிட்டு அழைத்தாள் என்பதை அறிய வேண்டுமானால் பதிவேட்டையும், ஆதரித்த அன்பருக்குச் சென்ற கடிதத்தையும், ஞானத்தானக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும். இம்மூன்றில் ஒன்றைக் கழித்தால் மற்ற இரண்டும் ஊமையாகிவிடும்.

பழந்தாள்களைப் பிரிக்கும் இடத்தில் தமிழ் அறிந்தவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் ஒரு பெயரைக் கண்டு, இது ‘தெய்வானை’, இது ‘மீனாட்சி’ என்று அடையாளம் காண்பவர் யார்? தமிழ் அறியாதவர் கண்ணுக்கு அது கிறுக்கல். கிறுக்கல் எந்தக் குவியலுக்குப் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மறுப்போர்க்கு மறுமொழி

‘இது பிற சமயத்தார் ஏடு, தமிழர்க்கு இதில் என்ன?’ என்பார் உளர். இவர்கள் உ.வே.சா.வைப் போற்றி மேடையில் முழங்குபவர்களாகவும் இருப்பர். அந்தப் பெரியார் சைவத் தமிழ் மரபில் ஊறியவர். அவர் பதிப்பித்த சிந்தாமணியோ சமண காப்பியம். விளங்காத இடங்களை விளக்கிக்கொள்ளக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். ‘பிற சமயத்தார் ஏடு’ என்று அவர் ஒதுக்கியிருந்தால் தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பு எவ்வளவு! ஏட்டைக் காப்பது அதன் சமயத்தை ஏற்பது ஆகாது. தமிழ்ப் பெண்ணின் பெயர் எந்த வீட்டு அலமாரியில் இருந்தாலும் அது தமிழர் உடைமையே.

‘அந்த அம்மையார்கள் தமிழரை இழிவாக எழுதினர், பொய்யான சான்று எதற்கு?’ என்பார் வேறு சிலர். இழிவாக எழுதியதும் உண்டு. அச்சங்கம் 1869இல் தொடங்கிய இதழின் பெயரே ‘புறச்சமயப் பெண்ணின் நண்பன்’ என்று பொருள்படுவது. உதவ வந்தவரின் மேட்டிமை அப்பெயரிலேயே தெரிகிறது. 1896இல் அப்பெயர் கைவிடப்பட்டு, இதழுக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது. பழைய இதழ்களை எரித்துவிட்டால் அந்த மேட்டிமைக்கும் சான்று இராது. பெயர் மாறியதற்கும் சான்று இராது. குற்றம் சாட்டுவோர்க்கு அல்லவா ஏடு முதலில் வேண்டும்? சாட்சியை அழித்துவிட்டு வழக்குத் தொடுப்பார் உண்டோ?

‘நன்னூலாரே பழையன கழியும் என்று விதித்துள்ளாரே!’ என்று இலக்கணம் பேசுவோரும் உளர். அந்நூற்பா மொழி வழக்கைப் பற்றியது. சொல் வழக்கு வீழ்வதும் எழுவதும் காலத்தின் இயல்பு என்பதே அதன் கருத்து. அந்நூற்பாவைக் காட்டிக் கணக்கேட்டைக் கொளுத்துவது பவணந்தியார்க்கு இழைக்கும் அநீதி. ஆடிப் பெருக்கில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்டவர்களும் இத்தகைய நியாயமே பேசினர். அன்று போனவை இன்றுவரை திரும்பவில்லை.

‘படம் எடுத்துக் கணினியில் சேர்த்துவிட்டோம், இனித் தாள் எதற்கு?’ என்பது இக்காலத்து வாதம். படம் எடுப்பது நல்லதே. அடிக்கடி தொடப்படாமல் மூலம் காக்கப்படும். ஆனால், எடுப்பவர் நிழற்படத்தின் முன்புறத்தை மட்டும் எடுக்கிறார். பென்சிலால் பெயர் எழுதிய பின்புறம் விடுபடுகிறது. ஓரக் குறிப்பு வெட்டுப்படுகிறது. கடித உறையின் அஞ்சல் முத்திரை விடுபடுகிறது. சில ஆண்டுகளில் கருவி பழுதாகிறது. கடவுச்சொல் அறிந்தவர் பதவி விலகுகிறார். நல்ல தாளும் மையும் நூறாண்டைக் கடந்து நிற்கும். படம் துணையாகலாம், மூலத்துக்கு ஈடாகாது.

பிரிக்கும் முறை

எல்லாத் தாளையும் காக்க இயலாது என்பது உண்மையே. ஒரே சுற்றறிக்கையின் ஐம்பது படிகளும் நிரப்பப்படாத படிவங்களும் கழியலாம். ஆனால், கழிப்பதற்கு நெறி வேண்டும்.

முதல் நெறி, கிடந்த ஒழுங்கைக் கலைக்காமை. ஓர் அமைப்பின் ஏடுகளைப் பிறவற்றோடு கலவாமல் தனித்தொகுதியாக வைக்க வேண்டும் என்பதைப் பிரான்சு நாடு 1841இலேயே ஆணையாக்கியது. 1898இல் டச்சு அறிஞர் மூவர் எழுதிய கையேடு, ஏடுகள் எந்த ஒழுங்கில் ஆக்கப்பட்டனவோ அந்த ஒழுங்கையே போற்ற வேண்டும் என்று வற்புறுத்திற்று. இது வெறும் சடங்கு அன்று. ஒரு கடிதத்தோடு சேர்த்துக் கட்டிய நிழற்படத்தைப் பிரித்து அழகிய தொகுப்பேட்டில் ஒட்டினால், படத்தில் உள்ளவர் யார் என்று சொல்லும் கடிதம் வேறிடத்தில் கிடக்கும். படம் பெயரிழக்கும், கடிதம் முகமிழக்கும்.

ஆகவே, தாளைத் தொடுமுன் எந்தத் தட்டில் எது கிடந்தது என்பதைப் பட்டியலிட வேண்டும். துருவேறிய ஊசிகளை மெல்ல அகற்ற வேண்டும். இளகி ஒட்டிய இரப்பர் வளையங்களை எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்ட வேண்டும். கிழிசலுக்கு ஒட்டுநாடா இடலாகாது. நாளடைவில் அது மஞ்சளித்துத் தாளையே தின்றுவிடும். குறிப்பு எழுதப் பென்சிலே தகும். இந்நாட்டு வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் கறையானும் காத்திருக்கின்றன. தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் பெட்டிகளை வைக்கலாகாது.

கழிப்பது என்று முடிவு செய்தவற்றை ஓராண்டு தனியே வைத்து, இரண்டாம் முறை வேறொருவர் பார்த்த பின்னரே கழிக்க வேண்டும். அடைக்கலம் புகுந்த பெண்கள், கைவிடப்பட்ட குழந்தைகள் ஆகியோரைப் பற்றிய மறைச்செய்திகள் இத்தகைய ஏடுகளில் மிகுதி. மானத்தைக் காப்பதாகச் சொல்லி அவற்றைக் கொளுத்துவோர் உண்டு. முத்திரையிட்டு, உரிய காலம்வரை எவரும் பாராதபடி பூட்டி வைப்பதே நேரிய வழி. பூட்டிய பெட்டியைப் பின்னால் திறக்கலாம். சாம்பலைத் திறக்க முடியாது.

அமைப்பே முடிவுறும் வேளைதான் பேரிடர் மிக்கது. இலண்டனில் 1834இல் தோன்றிய கீழைநாட்டுப் பெண்கல்வி வளர்ச்சிச் சங்கம், 1853இல் சோபியா குக் அம்மையாரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. அச்சங்கம் 1899இல் மூடப்பட்டது. மற்றொரு சங்கம் அதன் குறிப்பேடுகளை ஏற்றுக் காத்ததால், அவை இன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. பிளாக்மோரை அனுப்பிய சங்கமும் 1939இல் மெதடிஸ்டுச் சபைகள் இணைந்ததை ஒட்டிப் புதிய அமைப்பில் கலந்தது. அச்சபையின் ஆவணக் காப்பகம் 1982 முதல் நியூஜெர்சியின் டுரூ பல்கலைக்கழக வளாகத்தில் இயங்குகிறது. சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுமியைத் தேடுவோர் கடல் கடந்து செல்ல வேண்டியிருப்பதன் பொருள் யாது? அங்குள்ளோர் காத்தனர் என்பதே.

தமிழர் கடன்

அயலார் காத்ததைப் பாராட்டுவதோடு கடமை முடிந்துவிடவில்லை. கோயில் மாதர் பிரிவுகள், திருமுறை வகுப்பு நடத்திய மகளிர் மன்றங்கள், நவராத்திரி நிதி திரட்டிய பெண்கள் குழுக்கள் ஆகியவற்றின் ஏடுகள் எங்கே? தோட்டத்துக் கோயிலுக்கு மாதம் ஐம்பது காசு தந்த பால்வெட்டுப் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டில் உள்ளது? மலேசியாவில் 1957இல் 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேற்பட்டவையே. மூடப்பட்ட பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எத்தனை காக்கப்பட்டன? எத்தனை தோட்ட அலுவலகத்துக் குப்பையோடு போயின? மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957 முதலும், சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1968 முதலும் இயங்கி வருகின்றன. வாசல் இருக்கிறது, ஏட்டைச் சுமந்து செல்லும் தோள்தான் வேண்டும்.

தமிழாசிரியர் பயிற்சியில் இலக்கணமும் கற்பித்தல் முறையும் இடம்பெறுவது போலவே, பள்ளி ஏடுகளைப் பேணும் முறையும் இடம்பெற வேண்டும். மாணவர்க்கு ஒப்படைப்பாகப் பாட்டியரின் மாதர் சங்கக் குறிப்பேட்டைப் படித்துப் பட்டியலிடும் பணியைத் தரலாம். ஒவ்வோர் அமைப்பும் ஏடுகளைப் பிரிக்கும் குழுவில், கையெழுத்துத் தமிழைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும், அவ்வமைப்பில் உழைத்த முதிய பெண்மணி ஒருவரையும் அமர்த்த வேண்டும். முதியவர் முகங்களை அறிவார். மற்றவர் எழுத்துகளை அறிவார். இருவரும் இல்லாத குழுவுக்கு ஒரு தாளையும் கழிக்கும் உரிமை இல்லை.

ஷார்ட் தெருக் கடைவீட்டில் அமர்ந்த சிறுமியர் ஒன்பது பேர் என்று சொல்ல ஓர் எண் போதும். அவர்களைத் தமிழ்ச் சமுதாயத்தின் மூதாட்டியர் என்று சொல்லப் பெயர்கள் வேண்டும். பெயர்கள் தாள்களில் உள்ளன. அந்தத் தாள்களைப் பாழ்த்தாள் என்று எறிபவர், தம் பாட்டியின் பெயரையே எறிகிறார் என்பதை உணர்க.